வாசிப்பு அறைக் குழு: யாரும் காசு போட வேண்டாம்

(பினாங்கு, பிறை அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழு, ஜூலை மாதத்து ஒரு திங்கட்கிழமை இரவு)

*செயலாளர் அக்கா, 8:10*
வணக்கம். நூலகத் துறையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து நம் வாசிப்பு அறை வாரத்தில் மூன்று நாள்தான். இதுவரை ஆறு நாள். காரணம் ஒரே வரி: ஒதுக்கீடு போதவில்லை.

*பொருளாளர் அண்ணன், 8:14*
இதற்கெல்லாம் ஏன் கலங்குகிறீர்கள்? தீபாவளிக்கு முன்னால் கீழே மண்டபத்தில் உணவுச் சந்தை போடுவோம். பிரியாணி, தோசை, முறுக்கு. வீட்டுக்கு 50 வெள்ளி (ரிங்கிட்) வசூலித்தால்கூட மீதி மூன்று நாளுக்கு ஆள் வைத்துத் திறந்துவிடலாம்.

*பி பிளாக் மாமா, 8:15*
என் பெயரில் 100 எழுதிக்கொள்ளுங்கள்.

*டீச்சரம்மா, 8:15*
நான் 200.

*செயலாளர் அக்கா, 8:21*
அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். யாரும் காசு போட வேண்டாம். ஏர்கோன் பழுதானபோது நாமே வசூல் செய்து மாற்றினோம், ஞாபகம் இருக்கிறதா? அடுத்த தடவை கூரை ஒழுகியது. கேட்கப் போனால், "போன தடவை நீங்களே பார்த்துக்கொண்டீர்களே" என்றார்கள். நல்லது செய்யப் போய் ஓட்டையை நாமே மூடி மறைத்துவிட்டோம். இந்த மூன்று நாள் சம்பளத்தை நாம் கொடுத்தால், அடுத்த வருடம் அந்தப் பணம் தேவையே இல்லை என்று கணக்கு எழுதிவிடுவார்கள்.

*பொருளாளர் அண்ணன், 8:25*
அது சரி. ஆனால் நாம் ஏழு பேர் சும்மா சேவைக்கு இருக்கிறவர்கள். சம்பளமும் இல்லை, அதிகாரமும் இல்லை. நாம் சொல்லி யார் கேட்பார்கள்?

*செயலாளர் அக்கா, 8:27*
சம்பளம் இல்லாததுதான் நமக்கு வசதி அண்ணே. நூலகர் தங்கச்சி அரசாங்க வேலையில் இருக்கிறது. மேலிடத்து அனுமதி இல்லாமல் வெளியே வாய் திறக்க முடியாது. நமக்கு அந்தக் கட்டு இல்லை. ஒன்று மட்டும்: எந்தக் கடிதத்திலும் அந்தப் பிள்ளை பெயர் வரக்கூடாது.

*4ஆம் மாடி அத்தை, 8:28*
நாளை காலை தண்ணீர் வராதாம், எல்லாரும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்

*4ஆம் மாடி அத்தை, 8:28*
மன்னிக்கவும், வேறு குரூப் 🙏

*பி பிளாக் மாமா, 8:30*
நேராக எம்பியிடம் போவோம். அவர் ஆள் ஒருவரை எனக்குத் தெரியும்.

*டீச்சரம்மா, 8:36*
எம்பி இல்லை மாமா. அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் நூலகம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கூட்டரசுச் சட்டத்தால் கூட்டரசுக்கு உரியது என்று அறிவித்தவை மட்டும்தான் அந்தப் பக்கம். நம் பணம் முடிவாகும் இடம் பினாங்குச் சட்டமன்றம். அங்கே 40 உறுப்பினர்கள், அதில் ஒருவர் நம் தொகுதி ஒய்பி. அறை மட்டும் மாநகர் மன்றத்துடையது, அதற்குக் கவுன்சிலரைப் பார்க்கலாம்.

*கேஎல் தம்பி, 8:40*
கொடுத்து வைத்தவர்கள் நீங்கள். கோலாலம்பூர் செந்தூலில் எங்களுக்குச் சட்டமன்றமே கிடையாது. மேயர் டத்தோ பண்டாரும் நியமனம். எதைக் கேட்பதானாலும் டிபிகேஎல் மாநகர் மன்றம், இல்லாவிட்டால் எம்பி. 2020இல் கோலாலம்பூருக்கு உலகப் புத்தகத் தலைநகரம் என்று யுனெஸ்கோ பட்டம் கொடுத்தது. ஏப்ரலில் தொடங்க வேண்டிய விழா, மார்ச்சிலேயே நாட்டைப் பூட்டிவிட்டார்கள். அப்படி ஓர் அதிர்ஷ்டம் எங்களுக்கு.

*செயலாளர் அக்கா, 8:43*
மாநில பட்ஜெட் வழக்கமாக நவம்பரில்தான் தாக்கல் ஆகும். ஆனால் துறைகள் தங்கள் கணக்கை அதற்கு முன்பே கொடுத்து முடித்துவிடும். நவம்பரில் போய் நின்றால், பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு சாம்பார் கேட்கிற கதைதான். இந்த மாதமே போக வேண்டும்.

*பொருளாளர் அண்ணன், 8:45*
போய் என்ன காட்டுவது? இரவல் பதிவேட்டைப் பார்த்தேன். பாதி நாள் காலியாக இருக்கிறது. அதைப் பார்த்தால் மூன்று நாளே அதிகம் என்பார்கள்.

*பொருளாளர் மகள் (ஃபார்ம் 5), 8:51*
அப்பா, பதிவேட்டில் புத்தகம் எடுத்தவர்கள் மட்டும்தான் வருவார்கள். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நான் எண்ணினேன். 17 பேர் இருந்தோம். நாற்காலி 12. ஐந்து பேர் தரையில். எல்லாரும் எஸ்பிஎம் பரீட்சைக்குப் படிக்க வந்தவர்கள், ஒருவரும் புத்தகம் எடுக்கவில்லை. பதிவேட்டில் அன்றைக்குப் பூஜ்ஜியம்.

*செயலாளர் அக்கா, 8:52*
இந்தா, விஷயம் கிடைத்துவிட்டது!! இரண்டு வாரம் எண்ணுவோம். 4, 6, 8 மணிக்கு ஒரு தலை எண்ணிக்கை. தரையில் உட்காருகிறவர்கள் தனிக் கணக்கு. முகம் தெரிகிற மாதிரி போட்டோ வேண்டாம், பிள்ளைகள்.

*டீச்சரம்மா, 8:58*
இன்னொன்று. பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. 2015இல் நடப்புக்கு வந்தது. ஒதுக்கீடு எவ்வளவு, எதில் குறைத்தார்கள் என்று மாநிலத் துறையிடம் விண்ணப்பம் போட்டுக் கேட்கலாம். நானே எழுதுகிறேன். அப்புறம், பினாங்கில் நூலகம் தொடங்கியது 1817இல். இருநூறு வருடப் பெருமை! அதைக் கடிதத்தின் முதல் பத்தியில் போடலாமா?

*செயலாளர் அக்கா, 9:01*
டீச்சர், ஒய்பி முதல் பத்தியை மட்டும்தான் படிப்பார். அதில் தரையில் உட்கார்ந்த ஐந்து பேர் இருக்கட்டும். 1817ஐப் பத்திரிகைக்கு எழுதும்போது தமிழில் விரிவாகப் போடுங்கள். ஒய்பிக்கு ஒரே பக்கம், மலாயில். கோரிக்கையும் ஒன்றே ஒன்று: ஆறு நாள் திரும்ப வேண்டும். கூரை, ஏர்கோன், நாற்காலி என்று பட்டியல் போட்டால் நாற்காலி மட்டும் வரும், கூடவே ஒரு பேனரும்.

*பி பிளாக் மாமா, 9:02*
பேனரில் அவர் முகம் கூரையைவிடப் பெரிதாக 😂

*பொருளாளர் அண்ணன், 9:06*
ஆறு நாள் முடியாது என்றால்? கையில் ஒரு மாற்று வேண்டாமா?

*செயலாளர் அக்கா, 9:08*
வேண்டும். எஸ்பிஎம் முடியும்வரை ஐந்து நாள், இரவு 9 வரை. ஆனால் அது நம் சட்டைப்பையில் இருக்கட்டும், காகிதத்தில் வேண்டாம். எழுதிக் கொடுத்தால் அதிலிருந்துதான் பேரம் தொடங்கும். எதிர்க்கட்சிக்காரருக்கும் ஒரு நகல் கொடுப்போம், சட்டமன்றத்தில் கேள்வி கேட்கத் தோதாக இருக்கும். நாம் எந்தக் கட்சிச் சட்டையும் போட்டுக்கொண்டு போகக்கூடாது.

*பி பிளாக் மாமா, 9:10*
அப்படியென்றால் என் 100? மளிகைக் கடைக்காரர் வேறு 5,000 தருகிறேன் என்கிறார்.

*பொருளாளர் அண்ணன், 9:15*
அதைப் புத்தகத்துக்கென்று பொது நூலகத்துக்கு நேரடியாகக் கொடுக்கச் சொல்லலாம். ரசீது வாங்கிக்கொண்டால், தனிநபருக்கு 20,000 வெள்ளி வரை வருமான வரிக் கணக்கில் கழிக்கலாம். நம் கையில் வாங்கக் கூடாது. சம்பளத்துக்கும் வாடகைக்கும் கொடுக்கக் கூடாது. அக்கா சொல்வது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. புத்தகம் கூடுதல், கதவு திறப்பது அவர்கள் கடமை.

*செயலாளர் அக்கா, 9:16*
உணவுச் சந்தையும் போடலாம் அண்ணே, வசூலுக்கு இல்லை. ஒய்பியைப் பிரியாணிக்கு அழைத்து வந்து, போகிற வழியில் அறையைக் காட்டிவிடலாம்.

*பொருளாளர் அண்ணன், 9:17*
அதற்குத்தான் முதலிலேயே சொன்னேன்!

*3ஆம் மாடிப் பாட்டி, 9:24*
(குரல் பதிவு, பேத்தி எழுதியது) நானும் வருகிறேன். என் பேரனைத் தினமும் அங்கே விட்டுவிட்டுத்தான் இரவு வேலைக்குப் போகிறேன். மூடினால் அவனை எங்கே விடுவது என்று ஒய்பியையே கேட்கிறேன். எனக்கு மலாய் நன்றாக வரும், தோட்டத்தில் கற்றது.

*செயலாளர் அக்கா, 9:26*
பாட்டிதான் முதலில் பேச வேண்டும். நாங்கள் பின்னால் நிற்கிறோம். ஒய்பியின் சேவை மையத்தில் பேசிவிட்டேன், வரும் 30ஆம் தேதி வியாழன் இரவு 8 மணி. நாளை செவ்வாய், யார் எண்ணப் போகிறீர்கள்?

*பொருளாளர் மகள் (ஃபார்ம் 5), 9:27*
6 மணிக்கு நான். 8 மணிக்கு அப்பா.

*பொருளாளர் அண்ணன், 9:28*
நானா? நாளை பேட்மிண்டன் இருக்கிறதே.

*பொருளாளர் மகள் (ஃபார்ம் 5), 9:28*
8 மணிக்கு அப்பா.

*பொருளாளர் அண்ணன், 9:30*
சரி.