பல்லேடியம்–தங்கம், கார்பன் நானோகுழாய்: சிவியில் பிரமாதம், ஒரு மணி நேரத்தில் படுத்துவிடுகிறது

கரிக்குழல்:
வணக்கம். பார்மிக் அமில எரிபொருள் கலத்தின் ஆனோடுக்காகப் பலசுவர் நானோகுழாயில் பல்லேடியம்–தங்கம் படிய வைத்திருக்கிறேன். குழாயை நைட்ரிக் அமிலத்தில் ரிஃப்ளக்ஸ் செய்து, இரண்டு குளோரைடு உப்புகளையும் ஒன்றாகக் கலந்து, போரோஹைட்ரைடால் ஒடுக்கினேன். எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) (111) படிகத் தளத்தின் உச்சி தங்கத்தின் 38.2 டிகிரிக்கும் பல்லேடியத்தின் 40.1 டிகிரிக்கும் நடுவில் வருகிறது. டெம் (மின்னணு நுண்ணோக்கி) படத்தில் துகள்கள் வெறும் பல்லேடியத்தில் இருந்ததைவிடச் சிறியவை.

0.5 மோலார் கந்தக அமிலம், 0.5 மோலார் பார்மிக் அமிலம். சிவியில் (மின்னழுத்தத்தைச் சுற்றுச் சுற்றாக ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் சோதனை) ஒரு மில்லிகிராம் பல்லேடியத்துக்கான மின்னோட்டம், தங்கம் இல்லாததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் 0.15 வோல்ட்டில் (வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனைக்கு எதிராக) நிறுத்தி வைத்தால் ஒரு மணி நேரத்தில் இரண்டுமே ஏறக்குறைய ஒரே இடத்துக்கு இறங்கிவிடுகின்றன. கைடு "இரு உலோகக் கூட்டு விளைவு என்று எழுதிவிடு" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பல்லேடியத்தில் கார்பன் மோனாக்சைடு நச்சு கிடையாது என்றுதானே படித்தோம்? அப்படியானால் எது அடைக்கிறது?

மூன்றாம் மின்முனை:
கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். பார்மிக் அமிலத்துக்கு இரண்டு வழி உண்டு என்று கேப்பனும் பார்சன்ஸும் 1973-இல் எழுதியது பிளாட்டினம் போன்ற உலோகங்களை வைத்து. ஹைட்ரஜன்களை இழந்து நேராகக் கார்பன் டைஆக்சைடு ஆவது ஒன்று. நீரை இழந்து மோனாக்சைடாகிப் பரப்பில் ஒட்டிக்கொள்வது இன்னொன்று. பல்லேடியத்தில் முதல் வழி அதிவேகம், அவ்வளவுதான். இரண்டாவது அடியோடு இல்லை என்று அர்த்தமில்லை. சிவியில் ஒவ்வொரு சுற்றிலும் மேல் மின்னழுத்தத்துக்குப் போகும்போது பரப்பு தானாகவே துடைபட்டுவிடுகிறது. 0.15-இல் நிறுத்தினால் துடைக்க ஆளில்லை; சேர்ந்துகொண்டே போகும். கடையில் வாங்கும் பார்மிக் அமிலத்தில் மெத்தில் பார்மேட்டும் அசிட்டிக் அமிலமும் கொஞ்சம் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது அந்த இரண்டு மடங்கு. துகள் சிறியது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் பரப்பு கூடுதல், மின்னோட்டமும் கூடுதல். இதில் தங்கத்துக்கு என்ன வேலை? எடையால் வகுத்தது போதாது, பரப்பால் வகுக்க வேண்டும். சிவியில் வரும் ஹைட்ரஜன் உச்சியை வைத்துப் பரப்பைக் கணக்கிடாதீர்கள். பிளாட்டினத்துக்குச் சரி, பல்லேடியம் ஹைட்ரஜனை உள்ளேயே இழுத்துக்கொள்ளும், எண் ஊதிவிடும். சிஓ ஸ்ட்ரிப்பிங் (பரப்பில் கார்பன் மோனாக்சைடை ஒட்டவிட்டு, அதை ஆக்சிஜனேற்றி நீக்க ஆகும் மின்னூட்டத்தை அளப்பது) செய்யுங்கள், சதுர சென்டிமீட்டருக்கு 420 மைக்ரோகூலோம் வைத்து. அந்த நிலையில் தங்கத்தில் சிஓ பெரிதாக நிற்காது என்பதால் பல்லேடியத் தளங்கள் மட்டும் எண்ணப்படும்.

அப்புறம் எதிர்மின்முனை (கேத்தோடைச் சொல்லவில்லை, கவுண்டர் எலக்ட்ரோடு) என்ன? பிளாட்டினக் கம்பி என்றால் இப்போதே கழற்றிவிட்டுக் கரித்தண்டு போடுங்கள். கம்பியிலிருந்து கரைந்த பிளாட்டினம் உங்கள் வினையூக்கியில் வந்து உட்கார்ந்தால் பிறகு அதை "மூன்று உலோகம்" என்று அழைக்க வேண்டியதுதான்.

கரிக்குழல்:
கம்பி பிளாட்டினம்தான். மாற்றுகிறேன். தங்கம் பல்லேடியத்தின் டி-பட்டையை (டி எலக்ட்ரான்களின் ஆற்றல் பட்டை) கீழே இறக்கி சிஓ பிடிப்பைத் தளர்த்துகிறது என்று நிறைய கட்டுரைகளில் வருகிறதே, அதை விளக்கமாகக் கொடுக்கலாமா?

மூன்றாம் மின்முனை:
எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்க்காமல் கொடுக்காதீர்கள். பல்லேடியத்தின் அணிக்கோவை அளவு 3.89 ஆங்ஸ்ட்ராம், தங்கத்துக்கு 4.08. தங்கம் சேர்ந்தால் விரியும். விரிவு மட்டும் என்றால் டி-பட்டை மேலே ஏறும், சிஓ இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்! எனக்கு அதைவிட நம்பகமாகத் தெரிவது தளப் பிரிப்புதான்: மோனாக்சைடு உருவாக அடுத்தடுத்த பல்லேடிய அணுக்கள் வேண்டும், தங்கம் நடுவில் புகுந்து அந்தக் கூட்டத்தைக் கலைக்கிறது. ஆனால் நன்றாகக் கலைந்திருந்தால் உங்கள் வளைவு இவ்வளவு வேகமாக இறங்கியிருக்காது.

அடுக்குத்தாள்:
நான் முழுக் கலத்தில் வேலை செய்பவள். அமில ரிஃப்ளக்ஸ் கார்பாக்சில் தொகுதிகளை நட்டு உலோகத்துக்குப் பிடிமானம் தரும், சரி. அளவு மீறினால் சுவர் சிதைந்து மின்கடத்தல் போகும், குழாய் நீர்விரும்பியாகும். கலத்தில் கார்பன் டைஆக்சைடு குமிழி வெளியேற முடியாமல் உள்ளேயே நிற்கும். அதுவும் மின்னோட்டச் சரிவாகத்தான் தெரியும், நச்சு என்று நினைத்துவிடுவோம். சுழல் மின்முனையில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். சுழற்றும்போது சரிவு குறைந்தால் குமிழிதான் குற்றவாளி.

கரிக்குழல்:
கரித்தண்டு போட்டேன், சுழற்றியும் பார்த்தேன். சரிவு அப்படியேதான். எடைக் கணக்கில் இருந்த வித்தியாசம் பரப்பால் வகுத்ததும் பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது.

மூன்றாம் மின்முனை:
மிச்சம் இருப்பதுதான் தங்கத்தின் பங்கு. சின்னதாக இருந்தாலும் அதை எழுதலாம். சரிவுக்கு ஒரு சோதனை: மின்னோட்டம் விழுந்த பிறகு 0.8 வோல்ட்டுக்குச் சில நொடி ஏற்றிவிட்டு மறுபடி 0.15-க்கு வாருங்கள். பழைய அளவுக்குத் திரும்பினால் அடைத்தது துடைபட்டது, நச்சுதான். திரும்பாவிட்டால் உலோகம் கரைகிறது அல்லது துகள்கள் ஒன்றாகத் திரள்கின்றன. டெம்முக்கு மறுபடி போக வேண்டும். நொடிகளை நீட்டாதீர்கள், அந்த உயரத்தில் பல்லேடியமே கரையும்.

நச்சு என்று தெரிந்தால், மின்னழுத்தத்தை விடாமல் நைட்ரஜனுக்குள் கரைசலை வெறும் கந்தக அமிலமாக மாற்றி ஒரு சுற்று ஓட்டுங்கள். சிஓ உச்சி எழுந்தால் அதன் பரப்பை முன்பு எடுத்த முழு ஸ்ட்ரிப்பிங்கோடு வகுத்துப் பாருங்கள், எத்தனை பங்கு தளம் அடைபட்டது என்று வந்துவிடும். தங்கம் உள்ளது, இல்லாதது இரண்டுக்கும் அந்த எண்ணைக் கொண்டுபோய் கைடின் மேசையில் வையுங்கள்.