ஓலை மண்புழு உரம் மட்டும் கீரைக்குப் போதுமா?

கொழிஞ்சாம்பாறைத் தோட்டம்:
தென்னை ஓலையை மக்கவைத்து எடுத்த மண்புழு உரத்தை மட்டுமே இட்டு, மூன்று ஆண்டுகளாக முளைக்கீரையும் அரைக்கீரையும் வளர்க்கிறேன். காசர்கோட்டு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் (சி.பி.சி.ஆர்.ஐ.) வகுத்த முறைதான்: எடையில் பத்துப் பங்கு ஓலைக்கு ஒரு பங்கு சாணம், அதில் யூட்ரிலஸ் இன மண்புழு, ஏறக்குறைய மூன்று மாதம். கீரை மண்ணோடு ஒட்டி வளர்வது. பச்சைச் சாணம் படாத பாத்திக் கீரை என்பதால் என் பேரப்பிள்ளைகளுக்கு அச்சமின்றிக் கொடுக்கிறேன். கீரைக்கு வேறு எந்த உரமும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வேலந்தாவளம் விவசாயி:
ஐயா, "மட்டும்" என்ற சொல்லைத்தான் நான் மறுக்கிறேன். இந்த உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) 1 முதல் 2 விழுக்காடு. ஒரு சென்டுக்கு 40 கிலோ இட்டால், 1.5 விழுக்காடு என்று வைத்தாலும் 600 கிராம்தான். அதிலும் ஒரு பகுதியே முதல் பயிருக்குக் கிடைக்கும், மற்றது மண்ணில் தங்கி மெல்ல மெல்ல விடுபடும். முளைக்கீரை 25 நாளில் பறிக்கும் பயிர், அது காத்திருக்காது. சென்ற சித்திரையில் இதை நம்பி விதைத்தேன். இலை வெளிறி, கட்டு சிறுத்து, சந்தையில் விலை போகவில்லை.

கொழிஞ்சாம்பாறைத் தோட்டம்:
தம்பி, உங்கள் கணக்கில் பிழையில்லை. ஆனால் இலை வெளிறியதற்கு உரத்தின் அளவு காரணமா, பக்குவம் காரணமா என்று பாருங்கள். உரத்தில் ஈர்க்குக் குச்சியும் ஓலைத் துண்டும் கண்ணுக்குத் தெரிந்ததா? முழுதாக மக்காத ஓலையில் கரிமம் (கார்பன்) மிகுதி. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ள, செடி பட்டினி கிடக்கும். தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாயில் வீசும் காய்ந்த காற்று புழுத்தொட்டியின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பங்குனி வெயிலில் புழுக்கள் செத்துவிடும். அதனால்தான் நான் மரநிழலில் தொட்டி கட்டி, ஈரச்சாக்கு மூடி, ஓலையோடு சீமைக்கொன்னை (கிளைரிசிடியா) தழையையும் கலக்கிறேன்.

எருத்தேன்பதி அக்கா:
விதை முற்றிய களையைத் தொட்டியில் போடாதீர்கள். புழுத்தொட்டி சூடேறாது என்பதால் அந்த விதைகள் சாகாமல் கீரைப் பாத்தியில் முளைக்கும். இரண்டு மாதம் அதையே பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

வேலந்தாவளம் விவசாயி:
ஈர்க்கு தெரிந்தது உண்மைதான், ஐயா, தொட்டியும் காய்ந்திருந்தது. அதை ஏற்கிறேன். ஆயினும், மூன்று ஆண்டு உரம் ஏறிய உங்கள் மண்ணும், இப்போதுதான் மாறத் தொடங்கிய என் மண்ணும் ஒன்றல்ல. கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து ஏறத்தாழ 7 விழுக்காடு. அதுவும் செடியிலிருந்து வந்ததே. முதல் ஆண்டில் அதை ஊறவைத்து, விதைத்த பத்தாம் நாள் ஊற்றுவதில் என்ன தவறு?

கொழிஞ்சாம்பாறைத் தோட்டம்:
தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் மாட்டுக்கு வைக்கும் புண்ணாக்கை விலை கொடுத்து வாங்கிக் கீரைக்கு ஊற்றினால், கட்டுக்கு என்ன மிஞ்சும் என்று எழுதிப் பாருங்கள். தோப்பில் விழும் ஓலைக்கு விலையில்லை.