பேஸ்மட்டமும் பிளிந்த்தும் ஒன்றா?

கேள்வி: எஸ்டிமேட்டில் 'பிளிந்த் பீம் 9×12 இன்ச்' என்று இருக்கிறது. மேஸ்திரி 'பேஸ்மட்டம் 3 அடி' என்கிறார். இரண்டும் ஒன்றுதானா?

பதில் 1: இல்லைங்க, பிளிந்த் பீம் வேறு, பேஸ்மட்டம் வேறு. அடியிலிருந்து பார்ப்போம்: ஃபுட்டிங் என்பது மண்ணுக்குள் பாரத்தைப் பரப்பும் அகலமான கான்கிரீட் பாதம். தரைமட்டத்திலிருந்து வீட்டுத் தளம் வரை எழும்பும் பகுதி பிளிந்த். அதைத்தான் நம் மேஸ்திரிகள் பேஸ்மட்டம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் பேஸ்மென்ட் என்றால் நிலத்தடித் தளம், அதனால் ஒப்பந்தத்தில் 'பிளிந்த்' என்றே எழுதுங்கள். பிளிந்த் பீம் அந்த மட்டத்தில் தூண்களை இணைக்கும் கம்பி கட்டிய கான்கிரீட். சுவர் அதன்மேல்தான் எழும்பும்.

பதில் 2: 3 அடி எங்கிருந்து என்று கேளுங்கள். மனை பள்ளமாக இருந்தால் ரோட்டு மட்டத்திலிருந்துதான் கணக்கிட வேண்டும், ரோடு பின்னால் உயரவும் செய்யும். தேசியக் கட்டட விதித்தொகுப்பில் குறைந்தபட்சம் சுற்றுத் தரையிலிருந்து 45 செ.மீ. உயரம் என்று இருக்கிறது. பிளிந்த்துக்கு உள்ளே மண்ணை ஒரே மூச்சில் கொட்ட விடாதீர்கள்! 15 முதல் 20 செ.மீ. அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, திமுசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் மண் பிறகு இறங்கும், டைல்ஸுக்கு அடியில் வெற்றிடம் விழும், தட்டினால் பொள்ளலாகக் கேட்கும்.

பதில் 3: 'பிளிந்த் ஏரியா' வேறு. அது சுவர்க் கனமும் சேர்ந்த பரப்பளவு. சதுர அடி ரேட் பேசும்போது கார்பெட் ஏரியாவோடு (வீட்டுக்குள் பயன்படும் தரைப்பரப்பு) குழப்பிக்கொள்ளாதீர்கள், அதில் வெளிச்சுவர் சேராது.