பழைய மெயில்களை வேறு இடத்துக்கு மாற்றியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சென்னையிலிருந்து:

ஜிமெயிலில் சேர்ந்துகிடந்த பழைய மெயில் எல்லாவற்றையும், நம்மைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டி (என்க்ரிப்ட் செய்து) வைக்கும் புரோட்டான் மெயிலுக்கு மாற்றி முடித்துவிட்டேன். ஆரம்பித்துவிட்டுப் பாதியில் விட்டவர்கள் நிறையப் பேரைத் தெரியும், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

2004-இல் ஜிமெயில் ஒரு ஜிபி இடத்தோடு வந்தது. அப்போது ஹாட்மெயிலில் 2 எம்பி, யாகூவில் 4 எம்பி. எதையும் அழிக்க வேண்டியதில்லை, வேண்டும்போது தேடிக்கொள்ளலாம் என்று எல்லோரும் பழகிப்போனோம். அதன் பலன், என் இன்பாக்ஸைத் திறப்பவருக்கு எங்கள் குடும்பத்தின் ஜாதகமே கையில் கிடைத்த மாதிரி. வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், நாலு பேருடைய பான், ஆதார் நகல்கள், அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவுகள், பேங்க் ஸ்டேட்மென்ட், தம்பியின் விவாகரத்து வழக்கு சம்பந்தமாக வக்கீலுடன் பேசியது எல்லாம் அங்கே இருந்தது. விளம்பரத்துக்காக மெயிலை அலசுவதை நிறுத்திவிடுவதாக 2017-இல் கூகுள் அறிவித்தது உண்மைதான். ஆனாலும் பூட்டும் சாவியும் அவர்களிடமே இருக்கின்றன. சாவி என்னிடம் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

எங்கே போவது என்று பார்த்தபோது, ஜெர்மனியின் ஹனோவரில் இருக்கும் டூட்டா என்ற மெயில் நிறுவனம் நன்றாகவே தெரிந்தது. மெயிலின் தலைப்பு வரியையும் சேர்த்து அவர்கள் பூட்டிவைக்கிறார்கள். புரோட்டானில் தலைப்பு வரிக்கு அந்த அளவு பாதுகாப்பு கிடையாது. ஆனால் டூட்டாவில் ஐமேப் (நம் கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருள் மெயிலை எடுத்துக்கொள்ளும் வழிமுறை) இல்லை, தண்டர்பேர்டு போன்ற மெயில் மென்பொருளைக் கொண்டு அதைத் திறக்க முடியாது. இவ்வளவு பழைய சரக்கை வைத்துக்கொண்டு ஐமேப் இல்லாமல் எனக்கு ஆகாது. அதனால்தான் ஜெனீவாவில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் பழக்கமானவர்கள் 2014-இல் தொடங்கிய புரோட்டானுக்குப் போனேன். கட்டணக் கணக்கு எடுத்தால் பிரிட்ஜ் என்று ஒரு சின்ன மென்பொருளைத் தருகிறார்கள். அது நம் கம்ப்யூட்டரிலேயே ஓடி, பூட்டைத் திறந்து, தண்டர்பேர்டுக்குச் சாதாரண மெயில் மாதிரி காட்டும்.

ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு போங்கள். பேங்கிலிருந்து வரும் மெயில் வழியில் எல்லா மெயிலையும் போலத்தான் வருகிறது, வந்து சேர்ந்த பிறகுதான் பூட்டு விழுகிறது. சட்டமும் உண்டு. 2021-இல் சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவின்பேரில் பிரான்ஸைச் சேர்ந்த ஒரு சூழலியல் செயற்பாட்டாளரின் ஐபி முகவரியைப் (எந்த இணைப்பிலிருந்து வந்தார் என்று காட்டும் எண்ணைப்) புரோட்டான் கொடுக்க வேண்டிவந்தது. மெயிலின் உள்ளடக்கத்தைக் கொடுக்கவில்லை, கொடுக்க அவர்களிடம் சாவியும் இல்லை. எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

இனி வேலை. கூகுள் கணக்கை இணைத்துவிட்டால் தானாகவே இழுத்துக்கொள்ளும் வசதி புரோட்டானில் இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. முதலில் எல்லாம் என் ஹார்ட் டிஸ்க்குக்கு வர வேண்டும், அப்புறம்தான் புது இடத்துக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். தண்டர்பேர்டில் இறக்கும்போது கவனிக்க வேண்டியது லேபிள்கள். ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு 'வீடு', 'வரி', 'அப்பா' என்று மூன்று லேபிள் இருந்தால், ஐமேப் வழியாக அது மூன்று ஃபோல்டரில் மூன்று மெயிலாகத் தெரியும். 'எல்லா மெயிலும்' என்ற ஃபோல்டரில் இன்னொரு முறை. இதை அப்படியே இறக்கினால் இடம் வீணாகும், நாளைக்குத் தேடும்போதும் ஒரே கடிதம் வரிசையாக வந்து நிற்கும். ஜிமெயில் செட்டிங்ஸில் லேபிள் பகுதிக்குப் போய், ஐமேப்பில் எது தெரிய வேண்டும் என்ற டிக்கை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, 'எல்லா மெயிலும்' என்பதை மட்டும் விட்டால் ஒரு மெயில் ஒரே தடவை வரும். பகுத்து வைத்தது போய்விடும், அதைத் தேடலில் சமாளித்துக்கொள்ளலாம். லேபிள்தான் உயிர் என்பவர்கள் இதற்கு நேர் எதிராகச் செய்யுங்கள்.

ஐமேப்பில் ஒரு நாளைக்கு சுமார் 2500 எம்பி வரைதான் இறக்க விடுவார்கள். அதைத் தாண்டினால் கணக்கு கொஞ்ச நேரம் முடங்கும். பயப்படாமல் மறுநாள் தொடருங்கள். இறக்கி முடித்ததும் ஒவ்வொரு வருடத்திலும் எத்தனை மெயில் என்று இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய இணைப்புள்ள சிலவற்றைத் திறந்தும் பாருங்கள், தலைப்பு மட்டும் வந்து பிடிஎஃப் வராமல் போவதுண்டு.

டிஸ்க்கில் ஒரு பிரதி வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க நம் ஊரிலேயே காரணம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மெயில் வந்தபோது புரோட்டானைத் தடை செய்யும் பேச்சு எழுந்தது. 2025 ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை இந்தியாவில் முடக்கச் சொல்லி உத்தரவே போட்டது. ஒருநாள் காலையில் திறக்காமல் போனால் என்ன செய்வது? அதற்காகத்தான் சொந்த டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) ஒன்று வாங்கி முகவரியை அதில் வைத்திருக்கிறேன். நாளைக்கு வேறு நிறுவனத்துக்குப் போனாலும் டொமைன் அமைப்பில் மெயில் போக வேண்டிய இடத்தை மாற்றினால் போதும், முகவரி அப்படியே இருக்கும். வருடாவருடம் புதுப்பிக்க மட்டும் மறக்கக் கூடாது, டொமைன் போனால் முகவரியும் போச்சு.

உண்மையில் அதிகம் இழுத்தது முகவரி மாற்றும் வேலைதான். பேங்க், வருமான வரித் தளம், மியூச்சுவல் ஃபண்ட், இன்ஷூரன்ஸ் என்று முதலில் பணம் சம்பந்தப்பட்டவற்றை முடியுங்கள். ஓடிபி பழைய முகவரிக்கும் வரும் என்பதால் அதை மூடிவிடாதீர்கள். நான் பழைய கணக்கைக் காலி செய்துவிட்டு, வருவதைப் புது முகவரிக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன். அவ்வப்போது உள்ளே போய்வருகிறேன், இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கை கூகுள் நீக்கிவிடலாம்.

டொரொன்டோவிலிருந்து:

அண்ணா, டிஸ்க்குக்கு முதல் என்று நீங்கள் சொன்னதை நான் வேறு காரணத்துக்காக ஆமோதிக்கிறேன். என்னிடம் இருப்பவை, இன்று எல்லாக் கருவியிலும் தமிழைக் காட்டும் யூனிகோடு முறைக்கு முந்திய தமிழ்க் கடிதங்கள். 2002-இல், போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை (யாழ்ப்பாணத்துக்கான தரைவழி) திறந்த நேரம் மாமா யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியவை. திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற அட்டவணையில்) அடித்து அனுப்புவார். இந்தப் பக்கம் நான் இணைமதி எழுத்துருவைப் போட்டு வாசிப்பேன்.

இப்போது எந்த நிறுவனத்தின் வலைப்பக்கத்தில் திறந்தாலும் அது குப்பையாகத்தான் தெரியும். 'தமிழ்' என்ற சொல் முக்கால் பின்னம், தலையில் கோடு போட்ட ரோமன் ஏ, அமெரிக்க சென்ட் குறி, கோடு போட்ட யூ என்று நிற்கும். திஸ்கியில் 'த' இருக்கும் இடத்தில்தான் மேற்கத்தேயக் குறியாக்கத்தில் முக்கால் இருக்கிறது, வேறொன்றுமில்லை. கடிதம் பழுதாகவில்லை, கண்ணாடிதான் மாறிவிட்டது. எழுத்தைப் படியெடுத்து ஒரு மாற்றியில், என்எச்எம் கன்வெர்ட்டர் அல்லது பொங்குதமிழ், திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு என்று கொடுத்தால் வடிவாக வந்துவிடும்.

ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது. ஜ, ஷ, ஸ, ஹ நான்கையும் திஸ்கி வைத்திருப்பது, மேற்கத்தேயக் குறியாக்கம் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு ஒதுக்கிய இடத்தில். மெயிலைத் 'திருத்திச்' சேமிக்கும் சில மென்பொருள்கள் அந்தக் குறிகளைத் தூக்கி எறிந்துவிடும். மாமாவின் பெயரில் ஒரு ஜ இருக்கிறது. ஒரு மாற்றுக் கருவியில் பரீட்சித்துப் பார்த்த படியில் கையெழுத்து இருந்த இடத்தில் அந்த ஜ மட்டும் இல்லை. நல்ல காலம், மூலம் கைபடாமல் இருந்தது. மாமா இப்போது இல்லை. அவருடைய கடிதங்களை ஒவ்வொன்றாக இஎம்எல் கோப்பாக (ஒரு மெயிலை வந்தபடியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்து, பக்கத்திலேயே யூனிகோடுப் படியையும் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அதைத்தான் வாசிக்கிறார்கள். பழைய மயிலை எழுத்துருவில் கடிதம் வைத்திருப்பவர்களும் இப்படியே செய்யலாம், மாற்றியில் அந்தக் குறியாக்கத்தைத் தெரிவுசெய்தால் சரி.

கோவையிலிருந்து:

நான் வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கிறவன். இரண்டு பேர் சொன்னதையும் படித்தேன், ஆனால் ஒரு விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை. எல்லாவற்றையும் ஏன் சுமந்துகொண்டு போக வேண்டும்? என் மெயிலில் இருப்பதில் பாதி என்னுடையதே இல்லை. வாடிக்கையாளர்கள் அனுப்பிய ஆதார் நகல், ஃபார்ம் 16, கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கின் போட்டோ கூட உண்டு. அதையெல்லாம் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றினேன் என்று சொல்வதைவிட, தேவை முடிந்ததை அழித்துவிட்டேன் என்று அவர்களிடம் சொல்வதுதான் நியாயம். ஜிமெயில் தேடலிலேயே தேதி, அளவு, இணைப்பு உண்டா இல்லையா என்று சலித்தேன். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய வருடங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நீக்கினேன், குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். மிஞ்சியதை மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது.

சென்னையிலிருந்து:

கோவை சார் சொல்வது சரி. அடுத்தவருடைய ஆவணங்களைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. என் டிஸ்க்கில் இருக்கும் பிரதியில் தம்பியின் வழக்குக் காகிதங்கள் அப்படியே கிடக்கின்றன. வைத்துக்கொள்ளவா, எடுத்துவிடவா என்று இன்று அவனிடமே கேட்டுவிடுகிறேன். டொரொன்டோ தம்பி, உங்கள் மாமா கடிதங்களின் மூலக் கோப்புகளுக்கு இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும், ஒரே டிஸ்க்கை நம்ப வேண்டாம்.