கிளிக்பைட்டுக்குத் தமிழில் என்ன? (வெள்ளி மதியத்துக்குள் வேண்டும்)

கோவையிலிருந்து, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். ஓர் அவசர உதவி. சனிக்கிழமை எங்கள் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்கு ஒரு நாள் பட்டறை, யூடியூப் வீடியோவுக்குத் தலைப்பு வைப்பது எப்படி என்று. கையேடு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது, வெள்ளி மதியம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

இரண்டு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். விரலால் தள்ளிக்கொண்டே போகிறவரை நிறுத்தி உள்ளே வரவழைக்கிற நல்ல தலைப்பு ஒன்று. உள்ளே இல்லாததை இருப்பதாகச் சொல்லி இழுக்கிற தலைப்பு, அதாவது கிளிக்பைட், இன்னொன்று. பிள்ளைகள் இரண்டையுமே கிளிக்பைட் என்கிறார்கள், சிக்கலே அதுதான். 2024 டிசம்பரில் யூடியூப் இந்தியாவுக்கென்று ஓர் அறிவிப்பு விட்டது நினைவிருக்கும். தலைப்பிலோ முகப்புப் படத்திலோ 'குடியரசுத் தலைவர் பதவி விலகினார்' என்று போட்டுவிட்டு உள்ளே அந்தப் பேச்சே இல்லை என்றால் வீடியோவை நீக்குவோம் என்று. இதைத் தமிழில் எழுதும்போது 'கவர்ச்சியான தலைப்பு' என்று போட்டால், கவரும்படி எழுதுவதே குற்றம் என்றாகிவிடுகிறது. இப்போதைக்கு 'சொடுக்குத் தூண்டில்' என்று போட்டு வைத்திருக்கிறேன். சரியா?

மதுரையிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, பிழை. தூண்டில் வேறு, இரை வேறு. பைட் என்பது முள்ளில் கோக்கிற புழு. கண்மாயில் தூண்டில் போட்டு வளர்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், மீன் முள்ளுக்காக வருவதில்லை. 'சொடுக்கிரை' என்றாவது சொல்லலாம், ஆனால் ஒரு றகரம் தவறினால் இறையாகி, கடவுளைக் கொண்டுவந்து யூடியூபில் நிறுத்திவிடுவார்கள்.

நல்ல சொல் கையிலேயே இருக்கிறது. 931ஆம் குறள், 'தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று'. பொன் என்பதற்குப் பரிமேலழகர் இரும்பு என்று பொருள் கொள்கிறார். வெளியே இரை, உள்ளே இரும்பு, விழுங்கியது மீன். கிளிக்பைட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் உண்டா? ஆகவே 'தூண்டிற்பொன்'. மேலும், தூண்டு என்ற வினை விளக்குத் திரியை முன்னே தள்ளுவதற்கும் வரும். தூண்டாமணிவிளக்கு என்கிறோமே, திரியைத் தூண்ட வேண்டியிராத விளக்கு. அப்படிப் பார்த்தால் நல்ல தலைப்பு திரியைத் தூண்டுகிறது, கெட்ட தலைப்பு மீனைத் தூண்டுகிறது, வினை ஒன்றுதான். தூண்டுகோல், தூண்டுதல், துண்டு, துண்டம் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா, துண்டத்தை வெள்ளிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமே. தூண்டிற்பொன் என்று கேட்டால் எங்கள் தெருவில் ஏதோ நகைக்கடைச் சீட்டு என்றுதான் நினைப்பார்கள் :)

எனக்குச் 'சொடுக்கு' மேலேயே புகார். சுட்டியின் பொத்தான் சத்தம் போட்ட காலத்தில் வைத்த பெயர். இன்று பெரும்பாலானவர்கள் பார்ப்பது கைபேசியில், அதில் எங்கே சொடுக்கு? தட்டுகிறோம், தொடுகிறோம். அதனால் சொடுக்கை விட்டுவிட்டுத் தலைப்பைப் பிடியுங்கள், 'கண்ணித் தலைப்பு' எப்படி? பறவைக்கு வைக்கும் கண்ணி.

கையேட்டில் சேர்க்க ஒரு விஷயம். யூடியூப் தலைப்புக்கு 100 இடம்தான் தருகிறது, கைபேசியில் இரண்டு வரியோடு வெட்டிவிடுகிறது. தமிழில் வினை கடைசியில் வருகிறதா, எதிர்மறையும் அதோடு சேர்ந்து கடைசியில் வருகிறது. 'இப்படி அரைத்தால் கோடையிலும் இட்லி மாவு புளிக்காது' என்று ஒரு அம்மா தலைப்பு வைக்கிறார், திரையில் தெரிவது 'இட்லி மாவு புளி…'. அவர் பொய்யே சொல்லவில்லை, வெட்டிய இடம் பொய் சொல்கிறது. 'புளிக்காத இட்லி மாவு' என்று பெயரெச்சத்தில் திருப்பிப் போடச் சொல்லிக்கொடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

டொராண்டோவிலிருந்து, செவ்வாய் இரவு

தம்பி, கண்ணி வேண்டாம். உங்களுக்கு அது பறவைக்கு வைப்பது அல்லது பாட்டில் வரும் கண்ணி. எங்களுக்குக் கண்ணி எண்டால் முதலில் வருவது கண்ணிவெடி. மிதிவெடி, கண்ணிவெடி எண்டு பலகை நட்ட காணிகளைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன ஆட்கள் இந்தக் குழுவில் இருக்கிறோம். ஒரு சமையல் வீடியோத் தலைப்புக்கு அந்தச் சொல்லை நான் எழுத மாட்டேன்.

சொடுக்கும் எங்களுக்குப் புழக்கமில்லை, நாங்கள் 'அழுத்து' என்போம். தூண்டில் மட்டும் இரண்டு கரையிலும் தூண்டில்தான். இன்னுமொன்று, கையேட்டில் வீடியோ என்று ஏன் எழுதுகிறீர்கள்? நிகழ்படம் அல்லது காணொளி என்று எழுதலாமே.

சென்னையிலிருந்து, செவ்வாய் இரவு

மன்னிக்க வேண்டும் அக்கா. அது தோன்றவே இல்லை. கண்ணியைத் திரும்பப் பெறுகிறேன்.

திருச்சியிலிருந்து, புதன் காலை

காணொளி பிழை. ஒளியைக் காண்பதில் என்ன புதுமை? காண்+ஒலி, காணொலி. இல்லையென்றால் விழியம். முன்பே இதே குழுவில் நான்

மட்டுறுத்துநர், புதன் காலை

அந்தக் கிணற்றில் மறுபடி இறங்க வேண்டாம். சென்ற முறை இறங்கியவர்களில் இரண்டு பேர் இன்னும் ஏறவில்லை. மேலே இருப்பதைப் பாதியில் வெட்டியது நான்தான். கையேட்டில் வீடியோ, அவ்வளவுதான்.

சேலத்திலிருந்து, புதன் மதியம்

நான் வழக்கமாக எழுதுவதில்லை, வாசிப்பதோடு சரி. ஆனால் தலைப்பு என்றால் புடவைத் தலைப்பு என்று யாருமே சொல்லவில்லையே! கடையில் புடவையைப் பிரித்ததும் முதலில் காட்டுவது முந்திதான். அதில் சரிகையை அள்ளிக் கொட்டியிருப்பார்கள், வீட்டுக்கு வந்து உடலைப் பார்த்தால் பிளவுஸ் துணி மாதிரி இருக்கும். அதற்காக முந்தியில் சரிகையே கூடாது என்று யாரும் சொல்வதில்லை, முந்தி எடுப்பாகத்தான் இருக்க வேண்டும், உடலும் அதே தறியில் இருந்து வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் இரண்டு தலைப்புக்கும் வித்தியாசம் இதுதானே?

அப்புறம், என் மகன் இதற்கெல்லாம் 'உருட்டு' என்கிறான். 'தலைப்பே உருட்டும்மா'. உருட்டுத் தலைப்பு என்றே வைத்துவிடலாமே.

மதுரையிலிருந்து, புதன் மாலை

அந்த அம்மா சொன்ன முந்தி உவமை அருமை, கையேட்டில் அப்படியே போடலாம். 'உருட்டு' கொச்சை என்று ஒதுக்கமாட்டேன், உருட்டுப்புரட்டு பழைய வழக்குதான். ஆனால் இந்த வழக்கு இன்னும் எத்தனை நாளுக்கு? இதற்கு முன் 'பீலா' இருந்தது, அதற்கு முன் 'டூப்'.

தலைப்போடு சேர்ப்பதானால் இலக்கணப்படி சேர்க்க வேண்டும். கல்+தூண் கற்றூண். ஆகவே தூண்டில்+தலைப்பு, 'தூண்டிற்றலைப்பு'. நல்ல தலைப்புக்கு வினைத்தொகையாக 'கவர்தலைப்பு'. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, கவர்த்தலைப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

சென்னையிலிருந்து, புதன் இரவு

ஐயா, கவர்தலைப்பு என்பதை 'கவர்தலை' வரைக்கும் வாசித்துவிட்டு, அடுத்து என்ன வினை என்று தேடினேன். தூண்டிற்றலைப்பை மூன்று முறை வாசித்தபின்தான் உள்ளே தலைப்பு இருப்பதே தெரிந்தது. பத்தொன்பது வயதுப் பிள்ளை எப்படி வாசிக்கும்? 'தூண்டில் தலைப்பு', நடுவில் ஓர் இடைவெளி, புணர்ச்சி இல்லாவிட்டால் குடி முழுகாது.

மதுரையிலிருந்து, புதன் நள்ளிரவு

முழுகும். இன்று புணர்ச்சி, நாளை ஒற்று, மறுநாள் ழகரம். பொற்கொடியையும் கற்றூணையும் வாசிக்கிற பிள்ளை இதை வாசிக்காதா? வாசிக்கப் பழக்குவது யார் வேலை?

டொராண்டோவிலிருந்து, வியாழன்

பழக்குவது ஒரு நாள் பட்டறையின் வேலை இல்லை ஐயா. என் ஓட்டு இடைவெளிக்கு.

கோவையிலிருந்து, வெள்ளி காலை 11 மணி

எல்லோருக்கும் நன்றி. அச்சக அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். எண்ணிப் பார்த்தால் 'தூண்டில் தலைப்பு'க்கு நான்கு பேர், உருட்டுக்கு ஒருவர் (என் மகளையும் சேர்த்தால் இருவர்), தூண்டிற்றலைப்புக்கு ஐயா. மற்றவர்கள் காணொலிக்காகத் தனி மடலில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், எனக்கும் பிரதி வருகிறது.

நல்லதுக்கு 'ஈர்ப்புத் தலைப்பு', கெட்டதுக்கு 'தூண்டில் தலைப்பு' என்று வைத்துவிட்டேன். ஐயா சொன்ன இரை-முள் வேறுபாடு எனக்கும் உறுத்துகிறது, ஆனால் தூண்டில் என்றதும் வகுப்பில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முந்தி உவமை நாலாம் பக்கத்தில் இருக்கிறது. அதையடுத்து 2012 விஷயம், அதாவது எத்தனை பேர் திறந்தார்கள் என்பதை விட்டு எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்து வீடியோவைப் பரிந்துரைக்க யூடியூப் மாறிய கதை. புடவையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்துவிட்டு உடனே திருப்பித் தந்தால் கடைக்காரருக்குத் தெரிந்துவிடுகிற மாதிரி. 'புளி…' ஐந்தாம் பக்கம்.

மதுரையிலிருந்து, ஞாயிறு காலை

பட்டறை நன்றாக நடந்ததாகக் கேள்வி, மகிழ்ச்சி. முடிந்ததைக் கிளறவில்லை, ஒரு தகவல் மட்டும். என் பேத்தி யூடியூபில் கோலம் போடுகிறாள். அவளிடம் கொடுத்து அந்த 100 இடப் பெட்டியில் இரண்டு சொல்லையும் தட்டச் சொன்னேன். தொல்காப்பியர் எண்ணினால் இரண்டிலும் எட்டெழுத்துதான். யூனிகோடு புள்ளியையும் துணைக்குறியையும் தனித்தனியாக எண்ணுகிறதாமே. தூண்டில் தலைப்பு, இடைவெளியோடு 16. தூண்டிற்றலைப்பு 15.

ஓர் இடம் மிச்சம். இரண்டாம் பதிப்பு வந்தால் கவனிக்கவும்.