பிளட் ஸ்மியர் போலக் காயவைத்த ஸ்லைடுகள்

நாகர்கோவிலில் ஒரு லேபில் சைட்டோடெக்னாலஜிஸ்டாக, அதாவது உடம்பிலிருந்து எடுத்த செல்களைப் பார்த்து நோய் அறிகுறி தேடுகிறவராக, வேலை பார்க்கிறேன். மைக்ராஸ்கோப்போடு மட்டும் பழகுகிற வேலை, ஆட்களோடு பேச்சே இருக்காது என்றுதான் இதற்குப் படிக்க வருகிறவர்களில் பலர் நினைக்கிறார்கள். எனக்குக் கிடைத்த அனுபவம் வேறு.

கருங்கல் பக்கம் நடந்த ஒரு முகாமிலிருந்து பேப் ஸ்மியர் ஸ்லைடுகள், அதாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கானவை, வந்தன. கர்ப்பப்பை வாயிலிருந்து சுரண்டி எடுத்ததைக் கண்ணாடியில் தேய்த்த கையோடு 95 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும். அங்கே மின்விசிறிக்குக் கீழே வரிசையாக வைத்துக் காயவிட்டிருக்கிறார்கள். ரத்த ஸ்மியரைக் காயவைத்துப் பழகிய கை அதையேதான் செய்யும். ஆனால் இந்தச் செல்கள் காற்றில் காய்ந்தால் உட்கரு ஊதிப் பெரிதாகி, அதற்குள் இருக்கிற மரபுப்பொருளான குரோமாட்டின் கலங்கிவிடும். பெரிதான உட்கருவும் குரோமாட்டினில் மாற்றமும்தான் நாங்கள் தேடுகிற முக்கிய அடையாளங்கள். அப்படியிருக்க, காய்ந்த ஸ்லைடை நம்பி எதைச் சொல்வது? சலைனில் (உப்புக் கரைசலில்) நனைத்து மீட்கிற வழி உண்டு, ஆனால் காய்ந்து ரொம்ப நேரமாகியிருந்தால் அது கைகொடுக்காது. பெயர்களையும் பேனாவில் எழுதியிருந்தார்கள். ஆல்கஹாலில் மை கரைந்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் பென்சிலில் திரும்ப எழுதினேன்.

பல ஸ்லைடுகளுக்கு 'மறுபடி எடுக்கவும்' என்றே ரிப்போர்ட் போனது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் அக்கா லேபுக்கே வந்துவிட்டார். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை. "அன்னைக்கே ஒரு நாள் கூலியை விட்டுட்டுதான் வந்தேன். கேன்சருன்னா நேரா சொல்லு பிள்ளே, மறைக்காண்டாம்" என்றார். மறுபடி கூப்பிட்டாலே நோய் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு சொல்லியும் முகம் தெளியவில்லை. சரி என்று மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்து, அவருடைய ஸ்லைடையும் பெயர் மறைத்த ஒரு நல்ல ஸ்லைடையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். ஒன்றில் மங்கிய திட்டுகள். மற்றதில் நீலப்பச்சையும் இளஞ்சிவப்புமாகச் செல்கள், நடுவே பொட்டு வைத்ததுபோல உட்கரு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ இது எடுத்தவிய தப்பு" என்றார். அன்றைக்கே சிஸ்டர் மறுபடி எடுத்தார். நான் திரைக்கு வெளியே ஆல்கஹால் ஜாரோடு நின்றேன்.

இரண்டாவது ஸ்லைடில் சில செல்களின் உட்கருவைச் சுற்றி வெளிறிய வளையம் இருந்தது. கொய்லோசைட். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய ஹெச்பிவி வைரஸ் தொற்றைக் காட்டுவது. அவற்றின் பக்கத்தில் மையால் புள்ளி வைத்து டாக்டரிடம் கொடுத்தேன். லோ கிரேடு (லேசான) மாற்றம் என்று கையெழுத்தானது. இது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், ஆனால் கண்காணிப்பில் இருந்தாக வேண்டும். மறுபரிசோதனைக்குச் சொன்ன தேதியில் அவர் வந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டி வந்திருந்தார்.

இன்னொன்று, குளச்சலிலிருந்து வந்த ஒரு தம்பி. கழுத்தில் கட்டி. ஊசி குத்தினால் கேன்சர் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று அவனுடைய அம்மா எஃப்என்ஏசிக்கு, அதாவது மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கிற பரிசோதனைக்கு, சம்மதிக்கவே இல்லை. இந்தப் பயத்தை நம் மாவட்டத்தில் எல்லா ஊரிலும் கேட்டிருக்கிறேன். ரத்தம் எடுக்கிற ஊசி அளவுக்குத்தான் இது இருக்கும், அதன் மூலம் கேன்சர் பரவுவது மிக மிக அரிது என்று டாக்டரும் நானும் பொறுமையாகச் சொன்னோம். ஊசியில் தயிர்க்கட்டி மாதிரிச் சீழ் வந்தது. டிபி கிருமியைக் காட்டுகிற இசட்என் ஸ்டெயினில் (சாயத்தில்) சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள். டிபி. அரசு ஆஸ்பத்திரியில் 6 மாத மாத்திரை இலவசமாகவே கிடைக்கும் என்றதும் அந்த அம்மா அப்படியே அழுதுவிட்டார்.

அப்புறம், கிளம்புகிற நேரத்தில், சேலைத் தலைப்பை விலக்கித் தன் கழுத்தைக் காட்டினார். தைராய்டு வீக்கம். ரொம்ப வருஷமாகவே இருக்கிறதாம், ஊசிக்குப் பயந்து யாரிடமும் சொல்லவில்லையாம். அன்றைக்கே அவருக்கும் எடுத்தோம். கொலாய்டு கட்டிதான், பெதஸ்டா 2, அதாவது கேன்சர் இல்லாத வகை.