மறு: டிஜெரிடூ கட்டுரைக்குச் சொற்கள் – "டூட்" என்பதற்கு என்ன?

நண்பர்களுக்கு வணக்கம். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் நீண்ட ஊதுகுழலான டிஜெரிடூ பற்றிய நம் கட்டுரைக்குத் தமிழ்ச் சொற்கள் தேடுகிறோம். விடாமல் ஒலிக்கும் அதன் அடி ஓசைதான் ட்ரோன், இடையிடையே உதட்டை இறுக்கி எழுப்பும் உயர்ந்த ஒலி டூட். இவற்றுக்கு முந்தைய மடலில் ஒருவர் சொன்ன யோசனை:

> ட்ரோனுக்குச் "சுருதி", டூட்டுக்கு "மேற்சுரம்" போதும். கருவியைக் "கரையான் குழல்" என்று சொல்லிவிடலாமே?

கடைசியிலிருந்து வருகிறேன். "கரையான் குழல்" கேட்க அழகுதான். ஆனால் கரையான் குடைந்த மரத்தில் மட்டுமல்ல, மூங்கிலில் செய்த டிஜெரிடூக்களும் உண்டே, அவற்றை என்ன செய்வது? ஆஸ்திரேலியாவின் அர்னெம் லேண்டில், வடகிழக்கே இருக்கும் யோல்ங்கு மக்கள் இதை யிடாக்கி என்கிறார்கள், மேற்கே மாகோ. 2011-இல் யிடாக்கி என்ற ஒலிக்கு நெருங்கிய பெயருள்ள ஒருவர் இறந்தபோது, அவருக்கு மரியாதையாகப் பல யோல்ங்குகள் யிடாக்கியை விட்டு மண்டபுல் என்று சொல்லத் தொடங்கினார்கள். பெயரை அவ்வளவு கவனமாகப் புழங்குகிறவர்களின் கருவிக்கு நாம் வேறு ஒரு பெயர் வைக்க வேண்டாம் என்பது என் கட்சி.

ட்ரோனுக்குச் சுருதியும் சரிப்படாது. சுருதிப்பெட்டி போல இது அசையாமல் நிற்பதில்லை. ஊதுபவர் நாக்கையும் கன்னத்தையும் ஆட்டி, பில்மா எனும் தாளக் குச்சிகளின் தட்டோடு சேர்ந்து, அந்த ஒரே ஓசையிலேயே தாளம் கட்டுகிறார். "ஒத்து" என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். நாதஸ்வரத்துக்கு நல்ல சொல், ஆனால் கட்டுரை முழுக்க "ஒத்து ஊதினார்" என்று எழுதினால் வாசகர் சிரித்துவிடுவார். ட்ரோனுக்கு ரீங்காரம் என்றே இருக்கட்டும்.

என் சண்டை "மேற்சுர"த்தோடுதான்.

ரீங்காரத்துக்குள்ளேயே மேற்சுரங்கள், அதாவது அடிச்சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள், இருக்கின்றன. உதடு சீராக அதிர்வதால் அவை அடிச்சுரத்தின் முழு மடங்குகளாகவே வரும்: 70 ஹெர்ட்ஸ் என்றால் 140, 210, 280 என்று. நாக்கை மேலண்ணத்துக்கு அருகே உயர்த்தினால் 1,500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள மேற்சுரங்கள் பளிச்சென்று மேலே வந்து நிற்கும். சுரம் மாறுவதில்லை, அதன் நிறம்தான் மாறுகிறது.

டூட் அப்படியல்ல. உதட்டை இறுக்கி ஊதும்போது குழலின் இரண்டாவது ஒத்ததிர்வுக்கு (குழலுக்குள் காற்று இயல்பாக அதிரும் அடுத்த உயர்ந்த நிலைக்கு) ஒலி எகிறிவிடும். அது எவ்வளவு எகிறும் என்பதைக் குழலின் உட்புற வடிவம் தீர்மானிக்கிறது. பழகுவதற்குப் பலர் வைத்திருக்கும் பி.வி.சி. குழாயில் அடிச்சுரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. கீழே போகப்போக விரியும் குழலில் அது குறைந்து இரண்டு மடங்கை நோக்கி இறங்கும். மரத்தில் செய்தவை எந்த இரண்டும் ஒன்றுபோல் இருக்காது, ஏனென்றால் உள்ளே குடைந்தது கரையான். யூகலிப்டஸ் மரத்தின் உயிரற்ற நடுக்கட்டையைத் தின்றுவிட்டு, உயிருள்ள வெளிக்கட்டையை அது விட்டுவைக்கிறது. செய்பவர் காட்டில் மரம் மரமாகத் தட்டிப் பார்த்து, எதிரொலியை வைத்தே உள்ளே பொந்து எவ்வளவு என்று கணிக்கிறார். வெட்டி, பட்டையை உரித்து, உள்ளே அடைந்திருக்கும் கரையான் மண்ணைக் குச்சியால் குத்தி எடுத்து, ஊதிப் பார்த்து, முனையைக் கொஞ்சம் அறுத்து, மறுபடி ஊதிப் பார்க்கிறார். நீளம் குறைந்தால் அடிச்சுரம் ஏறும். டூட் எத்தனை மடங்கில் நிற்கும் என்பதும் கொஞ்சம் நகரும்.

ஆகவே முழு மடங்கில் வருவதற்கு மேற்சுரம். குழலின் வடிவம் தருவதற்கு தாவொலி என்பது என் முன்மொழிவு. கேட்பவர் காதில் விழுவதும் அந்தத் தாவல்தான். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "யிடாக்கி வாசிப்பில் தாவொலி தாளத்தின் பகுதி, மாகோ வாசிப்பில் தாவொலி வழக்கமில்லை." மேற்சுரம் என்று போட்டால் இந்த வாக்கியமே பொய்யாகிவிடும், மாகோவிலும் மேற்சுரங்கள் ஏராளம்.

சில்லறைகள்: ஊதும் முனையில் கொடுக்கில்லாத் தேனீயின் மெழுகை உருட்டி ஒட்டுவதற்கு "வாய்மெழுகு" சரி (வெறும் மரத்திலேயே வாய் வைப்பவர்களும் உண்டு, அதையும் கட்டுரையில் சேர்க்க வேண்டும்). கீழ் முனைக்கு "அணசு" வேண்டாம். நாதஸ்வரத்தில் அது தனியாகச் செய்து மாட்டுவது, இங்கே அதே மரம். "அடிவாய்" போதும்.

மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே கன்னத்தில் இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறார்களே, அதற்குச் "சுழல்மூச்சு" என்று பட்டியலில் இருக்கிறது. மூச்சு எங்கே சுழல்கிறது? நம்மூர் மகுடி ஊதுபவர்களும் இதையே செய்கிறார்கள். அவர்கள் வாயில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கக்கூடும். பழக்கமுள்ளவர்கள் யாராவது கேட்டு எழுதுங்கள், அதுவரை அந்த வரியைத் திறந்தே வைப்போம்.